நடுக்கூடத்துக்கு வராதவர்கள்

மாலை ஆறரை மணிக்கு மேல் தமிழ்நாட்டில் எந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் காதில் விழுவது ஒரே கூடத்தின் சத்தம்தான். அந்தக் கூடம் நம் எல்லோருக்கும் பழக்கம். நடுவில் சோபா, பின்னால் வளைந்து ஏறும் மாடிப்படி, ஒரு பக்கம் பூஜையறை, சுவரில் மாலை போட்ட பெரியவரின் படம். குடும்பம் மொத்தமும் அரைவட்டமாக நிற்கும். ஒருவர் வெடித்துப் பேச, கேமரா மற்றவர்களின் முகங்களில் ஒவ்வொன்றாகப் போய் நின்று வரும். இந்தச் சுற்றில் ஒரு முகம் மட்டும் அநேகமாக விட்டுப்போகும். தூணோரம் காபித் தட்டோடு நிற்கும் வேலைக்காரப் பெண்ணின் முகம் அது.

அந்தப் பெண்ணைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? பெயர் தெரியும், அஞ்சலை, முனியம்மா, செல்வி என்று ஏதோ ஒன்று. வீடு எங்கே என்று தெரியாது. புருஷன், பிள்ளைகள், கடன், காய்ச்சல் எதுவும் அவளுக்குக் கிடையாது. நாயகி அழுதால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடவே அழுவாள். வில்லி திட்டம் போட்டால் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பாள். கதை நடப்பது மதுரையாக இருந்தாலும் அவள் வாயில் வருவது பெரும்பாலும் சென்னைக் குப்பத்துத் தமிழ். ஆயிரம் எபிசோட் ஓடிய கதைகளில்கூட அவளுக்கென்று ஒரு எபிசோட் கிடைப்பது அபூர்வம்.

தொலைக்காட்சி நாடகங்களில் எந்தச் சமூகத்தார் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதை முறையாகப் படிக்க வேண்டும் என்று சொன்னால், பலர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சீரியலில் படிக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். சீரியலைக் கிண்டல் செய்வது நம் படித்த வர்க்கத்துக்கு ஒரு பெருமை. அந்தக் கிண்டலில் சீரியல் பார்க்கும் பெண்களையும் சேர்த்தே அவமதிக்கிறோம். தினமும் மூன்று, நான்கு மணி நேரம் கோடிக்கணக்கான வீடுகளில் ஓடும் ஒரு கதைவடிவத்தை ஆராயாமல் விடுவது, இந்த மாநிலத்தைப் பற்றிய அறிவில் பெரிய ஓட்டையை விட்டுவைப்பதாகும்.

இதைத் துறையூரிலிருந்து பார்ப்பது பொருத்தம். திருச்சிக்கு வடக்கே, பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் அடிவாரத்தில் இருக்கும் ஊர். ஜமீன் இருந்த ஊர். பெருமாள்மலைக் கோயில் இருக்கும் ஊர். ரெட்டியார், முத்தரையர், உடையார் என்று பல சமூகத்தாரும், தெருவுக்குத் தெரு முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும், ஒவ்வொரு கிராமத்தோடும் ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு காலனியும், மலைமேல் மலையாளிப் பழங்குடியினரும் வாழும் வட்டாரம். துறையூர் சட்டமன்றத் தொகுதி இன்று பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. தொகுதி மறுசீரமைப்புக்கு முன்னால் பக்கத்திலிருந்த உப்பிலியபுரம் பழங்குடியினருக்கான தனித்தொகுதியாக இருந்தது. இப்படிப்பட்ட ஒரு வட்டாரத்தை அடித்தளமாகக் கொண்டு எடுக்கப்பட்ட சீரியலைத் தேடத்தான் வேண்டும். மதுரையும் காரைக்குடியும் கொங்கும் சின்னத்திரைக்குக் கிராமங்களாகிவிட்டன. நம் வட்டாரத்துக்கு அங்கே இடமே இல்லை. நம் பேச்சில் 'வித்தியாசமான' இழுவை இல்லை என்பதாலோ என்னவோ, திருச்சி மாவட்டத்துக் கிராமம் எழுத்தாளர் கண்ணில் படுவதில்லை.

மலைவாழ் மக்கள் வருவதுண்டு. நாயகி வண்டி விபத்தில் காட்டுக்குள் விழுந்தால், பாசிமணி போட்டு இலை தழை அரைத்துக் கட்டும் ஒரு கிழவியும் அவள் கூட்டமும் மூன்று நாள் வந்து போவார்கள். பச்சமலையின் டாப் செங்காட்டுப்பட்டியில் மரவள்ளி பயிரிட்டு, முந்திரி பொறுக்கி, பிள்ளையை விடுதியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழுக்கு அலையும் ஒரு மலையாளிப் பெண், அந்த மூன்று நாளில் தன்னை எங்கே கண்டுபிடிப்பாள்?

இந்தக் கேள்வி கூர்மையடைந்தது 2006-க்குப் பிறகு. அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. 2011-ல் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்கு வந்தது. இந்தத் திட்டங்களின் அரசியலை எவ்வளவோ பேசிவிட்டோம். அவற்றால் யார் வீட்டுக்குள் எது நுழைந்தது என்று பேசவில்லை. அதற்கு முன்னால் காலனிப் பிள்ளைகள் ஊர்த்தெருவுக்கு வந்து, டிவி உள்ள வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்த கதைகளை இந்தப் பக்கத்தில் நாற்பது வயது தாண்டிய யாரும் சொல்வார்கள். மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். பெட்டி தன் வீட்டுக்கே வந்தபோது, எந்தப் பெரிய வீட்டில் திண்ணைக்கு மேல் ஏறியதில்லையோ, அப்படி ஒரு வீட்டின் நடுக்கூடம், சமையற்கட்டு, பூஜையறை வரைக்கும் அந்தக் குடும்பம் தினமும் போய்வந்தது. இதை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், அந்த வீட்டில் அவர்களைப் போல ஒருவர் இருப்பது தூணோரம் மட்டும்தான்.

சீரியலில் சாதி இல்லை என்று சிலர் சொல்வார்கள். பெயரளவில் உண்மைதான், எந்தப் பாத்திரமும் தன் சாதியை வாய்விட்டுச் சொல்வதில்லை. வழக்கும் போராட்டமும் வரும் என்ற சேனல்களின் பயமும் புரிந்துகொள்ளக்கூடியதே. சொல்லாமலே காட்டிவிடுவதில்தான் சின்னத்திரையின் கைத்திறன் இருக்கிறது. மீசையின் முறுக்கு, வேட்டியின் கரை, வாசலில் நிற்கும் ஜீப், குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை, பரம்பரை என்ற சொல், யார் யாரை 'வாடா' என்கிறார் என்பது. 2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் மறைந்த மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனை நினைத்துப் பாருங்கள். வீட்டு மருமகள்களை ஒடுக்கும் அந்த மனிதனை அவ்வளவு துல்லியமாக வேறு யாரும் காட்டியதில்லை. அந்தத் தொடரை நான் மதிக்கிறேன். 2023 செப்டம்பரில் அவர் திடீரென இறந்தபோது, அந்த வில்லனைத் திட்டிக்கொண்டே பார்த்த வீடுகளெல்லாம் துக்கப்பட்டன. ஆனாலும் ஒன்று கவனிக்க வேண்டும். குணசேகரனின் அதிகாரம் வீட்டுக்குள் மட்டுமே கேள்விக்கு உள்ளாகிறது. அந்த நிலம், அந்தச் செல்வாக்கு, ஊர் கும்பிடு போடும் பழக்கம் எங்கிருந்து வந்தன, யாருடைய உழைப்பின் மேல் நிற்கின்றன என்று கேட்க அந்தக் கூடத்தில் ஆள் இல்லை. ஆதிக்கம் ஒரு தனிமனிதனின் கெட்ட குணமாகிவிடுகிறது.

காதலுக்கு வரும் தடைகளையும் பாருங்கள். பணக்காரன்-ஏழை, ஜாதகப் பொருத்தம், இரண்டு குடும்பங்களுக்கு இடையே பழைய பகை. இவ்வளவுதான் சீரியல் அறிந்த தடைகள். வெளியே சாதி தாண்டிய உறவால் உயிர் போனவர்கள்: 2013-ல் தர்மபுரி இளவரசன், 2015-ல் கோகுல்ராஜ், 2016-ல் உடுமலைப்பேட்டை சங்கர். உடுமலையில் பட்டப்பகலில் பேருந்து நிலையத்துக்கு அருகே நடந்த வெட்டு, கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி, வீட்டுக் கூடங்களில் அதே பெட்டியில் ஓடியது. செய்தி முடிந்ததும் சீரியல் தொடங்கியது. அதில் காதலுக்குக் குறுக்கே நின்றது அந்தஸ்து.

நிறத்தைப் பேசிய ஒரு தொடர் உண்டு. 2019-ல் விஜய் டிவியில் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா', மலையாளத்தின் 'கறுத்தமுத்து' கதையைத் தழுவியது. கறுப்பாக இருப்பதற்காகவே இழிவுபடும் ஒரு பெண்ணை நாயகியாக நிறுத்தியது. அந்தத் துணிச்சலுக்காகக் கோடிப்பேர் பார்த்தார்கள். நிறத்தின் மேல் இருக்கும் வெறுப்பு அங்கே சித்தியின் நாக்கிலும் மாமியாரின் முகச்சுளிப்பிலும் தங்கிவிட்டது. அந்த வெறுப்பு யார்மேல், எத்தனை தலைமுறையாக, எதன் பேரால் விழுந்துவருகிறது என்ற பக்கம் கதை திரும்பவில்லை. சீக்கிரமே சந்தேகக் கணவன் கதையாகிவிட்டது.

முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் பற்றி நீட்டிப் பேசவே தேவையில்லை. பாய் வந்தால் பிரியாணியோடு வருவார், இல்லை வண்டி மெக்கானிக்காக வந்து நட்புக்காக அடிவாங்குவார். கிறிஸ்தவப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸாகவோ அநாதை இல்லத்தில் சிஸ்டராகவோ இருப்பாள். நல்லவர்கள்தாம், மறுக்கவில்லை. நத்தர்வலி தர்காவும் ஸ்ரீரங்கமும் லூர்து மாதா கோயிலும் ஒரே நகரப் பேருந்தில் எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் மாவட்டத்துக்காரனுக்கு இது மிகவும் உறைக்கிறது. இங்கே அவர்களுக்கும் மாமியார் உண்டு, சொத்துத் தகராறு உண்டு, ஓடிப்போன மகள் உண்டு. ஒரு சீரியலுக்கு வேண்டியதெல்லாம் உண்டு.

இப்படி ஆனதற்கு யாரோ உட்கார்ந்து சதி செய்தது காரணமில்லை. தொழில் நடக்கும் விதம் காரணம். அரைமணி நேரத் தொடரில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கதை. வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பு என்றால், நாளொன்றுக்கு ஓர் எபிசோடுக்கான காட்சிகளையாவது எடுத்து முடித்தாக வேண்டும். படக்குழு இடம் மாறினால் அரைநாள் போய்விடும். ஆகவே சென்னைப் புறநகரில் ஒரு பங்களா. அதற்குள்ளேயே கூடம், படுக்கையறை, மொட்டைமாடி, சமையற்கட்டு. கதாபாத்திரங்கள் எல்லாரும் அந்த ஒரு வீட்டில் இருந்தாக வேண்டும் என்றால் கூட்டுக்குடும்பம் வந்துவிடுகிறது. வீடு பெரியது என்பதால் பணம் வந்துவிடுகிறது. சன் டிவியில் நெடுங்காலம் இருந்த முறைப்படி, தயாரிப்பாளரே நேரத்துக்குக் கட்டணம் கட்டி, விளம்பர நேரத்தை விற்றுச் செலவை எடுக்க வேண்டும். அந்த நிலையில் புதிதாக ஒன்றை முயன்று பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பார்வையாளரை எண்ணும் முறையும் சேர்ந்துகொள்கிறது. 2015 முதல் பார்க் என்ற அமைப்பு மாதிரி வீடுகளில் கருவி வைத்து யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கிடுகிறது. கிராமங்களின் கணக்கும் அந்த ஆண்டு அக்டோபர் முதல் வந்தது. வீடுகளை அது வகைப்படுத்துவது இரண்டை வைத்து: முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, பதினொரு பொருள்களில் வீட்டில் எத்தனை உண்டு என்பது. மின்விசிறி, கேஸ் அடுப்பு, டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இருசக்கர வண்டி, கார் என்று போகும் பட்டியலில் விவசாய நிலமும் ஒன்று. நிலமில்லாத, அத்தக்கூலிக்குப் போகும் குடும்பம் கீழ்வகுப்புக்குப் போய்ச் சேருகிறது. விளம்பரக்காரர் தேடுவது மேல்வகுப்பு வீடுகளை. காலனி பார்க்கிறது, கண்ணீர் விடுகிறது, ரேட்டிங்கையும் ஏற்றுகிறது. ஆனால் அதன் விருப்பத்துக்கு விலை குறைவு.

கதைகள் மொழிவிட்டு மொழி விற்கப்படுவது இன்னொரு காரணம். 2018-ல் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தமிழிலிருந்து தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி, வங்காளம், இந்தி என்று போனது. 'பாக்கியலட்சுமி' வங்காளத்து 'ஸ்ரீமோயி'யிலிருந்து வந்தது. இத்தனை மொழிக்கும் பொருந்த வேண்டுமென்றால், ஒரு வட்டாரத்தின் சாதியும் நிலமும் வழக்கும் கழன்று விழுந்து, அண்ணன் தம்பி பாசமும் மருமகளின் பொறுமையும்தான் மிஞ்சும்.

சீரியல் செய்த நல்லதையும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 1999-ல் வந்த ராதிகாவின் 'சித்தி'யிலிருந்து தொடங்குங்கள். திருமுருகனின் 'மெட்டி ஒலி', தேவயானி நடித்த 'கோலங்கள்' என்று வரிசையாக, முப்பது தாண்டிய பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தியது சின்னத்திரை. அதே காலத்து சினிமாவில் அந்த வயதுப் பெண்ணுக்கு அக்கா, அம்மா வேஷம்தான். கட்டுமானத் தொழில் நடத்தும் அபி, பூக்கட்டி விற்கும் மீனா, நர்ஸ் வேலை பார்க்கும் கயல் என்று வெவ்வேறு தொடர்களில் உழைக்கும் பெண்களும் வந்திருக்கிறார்கள். ராபர்ட் ஜென்சனும் எமிலி ஓஸ்டரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டுக் கிராமங்களையும் உள்ளடக்கியது. 2001-க்கும் 2003-க்கும் இடையில் புதிதாகக் கேபிள் வந்த கிராமங்களில், கணவன் அடிப்பது சரி என்று சொன்ன பெண்களும் ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற பெண்களும் குறைந்தார்கள் என்றது. கதை மனிதரை மாற்றும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். மாற்றும் என்பதனால்தான் கதைக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற கேள்வி கனக்கிறது.

பார்ப்பவர்கள் கதையை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது திரையை மட்டும் பார்த்தால் தெரியாது. துறையூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் பறித்ததும் தாளறுக்கப் பெண்கள் கும்பலாக உட்காருவார்கள். பட்டறை போடுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை. கை அரிவாளில், வாய் நேற்றைய சீரியலில். அப்படி ஒரு களத்தில் நான் கேட்ட கேள்வி, "அந்தக் கதையில உங்கள மாதிரி யாரு?" வேலைக்காரப் பெண்ணைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். நடுவயதுப் பெண் ஒருவர் யோசிக்கவே இல்லை. நாயகியின் பெயரைச் சொன்னார். "அவ படுற பாட்டத்தான நானும் படுறேன்" என்றார். பக்கத்திலிருந்த இன்னொருவர் கேட்டது: "அது சரிங்க, அந்த வூட்ல ஒருத்தரும் வேலைக்கே போவ மாட்டேங்கறாங்களே, சோத்துக்கு என்னா பண்றாங்க?"

அந்த இரண்டு பேச்சும் ஒரே களத்தில், ஒரே நிமிடத்தில் வந்தவை. மனம் நாயகியோடு ஒட்டிக்கொள்கிறது; கண்ணோ அந்த வீட்டின் பொருளாதாரத்தைப் பிடித்துவிடுகிறது. 1984-ல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' தொடரை ஆராய்ந்த அரவிந்த் சிங்கலும் எவரெட் ரோஜர்ஸும் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் மனைவி பாகவந்தி, இப்படி இருக்காதே என்று பெண்களுக்குக் காட்டப் படைக்கப்பட்டவள். பார்த்தவர்களில் கணிசமானோர் அவளையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். டெல்லியில் சீரியல் பார்க்கும் குடும்பங்களோடு பழகி பூர்ணிமா மன்கேகர் 1999-ல் எழுதிய நூல், பார்வையாளர் கதையோடு எப்படி வாதாடுகிறார்கள் என்பதை அருகிலிருந்து காட்டியது. தமிழ்ச் சீரியலுக்கு அந்த அளவில் பேசப்படும் நூல் இன்னும் வரவில்லை.

எண்ணிப் பார்க்கும் மரபும் உலகில் புதிதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் கடைசியில் தொடங்கிய ஆய்வில், ஆண்டுதோறும் ஒரு வாரத்து முக்கிய நேர நாடகங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரத்தின் பாலினம், இனம், வயது, தொழில், யார் யாரை அடிக்கிறார், யார் சாகிறார் என்று குறித்தார்கள். பெண் ஒருவருக்கு ஆண் மூவர் என்ற கணக்கு அப்படித்தான் வெளியே தெரிந்தது. 1977-ல் அந்நாட்டுக் குடிமை உரிமைகள் ஆணையமே தொலைக்காட்சியில் பெண்களும் சிறுபான்மையினரும் ஜன்னல் அலங்காரமாகவே இருக்கிறார்கள் என்று அறிக்கை தந்தது. இங்கே பி.சி. ஜோஷி குழு 1985-லேயே தூர்தர்ஷனின் நகரத்துச் சாய்வைக் கண்டித்தது. பிரபா கிருஷ்ணனும் அனிதா திகேயும் தூர்தர்ஷன் பெண்மையை எப்படிக் கட்டமைத்தது என்று 1990-ல் நூல் எழுதினார்கள். தனியார் சேனல்கள் வந்த பிறகு அந்த இழை அறுந்துபோனது. தமிழ் சினிமாவுக்கு எம்.எஸ்.எஸ். பாண்டியன், ஸ்டாலின் ராஜாங்கம் போன்றவர்கள் கிடைத்தார்கள். அந்த விமர்சனச் சூழலில்தான் 'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'பரியேறும் பெருமாள்' ஆகிய படங்கள் பேசப்பட்டன. சின்னத்திரைக்கு வாய்த்ததெல்லாம் மீம்கள்.

சட்டம் ஏதாவது செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: 1994-ஆம் ஆண்டுக் கேபிள் விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறையில், இன, மொழி, வட்டாரக் குழுக்களை இழிவாகவும் ஏளனமாகவும் காட்டக்கூடாது என்ற பிரிவு இருக்கிறது. புகார்களை விசாரிக்க 2011 முதல் சேனல்களின் சொந்த மன்றமும் இருக்கிறது. இழிவாகக் காட்டினால் புகார் கொடுக்கலாம். காட்டவே இல்லை என்றால் எந்த விதியின் கீழ் புகார் கொடுப்பது? கொடுக்கவும் வேண்டாம். தணிக்கையால் ஒரு பாத்திரமும் பிறக்காது. எண்ணிக்கையை முன்னால் வைத்தால் எழுதுகிறவருக்கும் சேனலில் கதை கேட்கிறவருக்கும் உறுத்தும். அந்த உறுத்தல் போதும், வேலை தொடங்க.

திருச்சியைச் சுற்றி எத்தனையோ கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் துறைகள் இருக்கின்றன. துறையூர், முசிறி, மண்ணச்சநல்லூர் பக்கத்திலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் தினமும் பஸ் ஏறிப் போய் அவற்றில் படிக்கிறார்கள். இறுதியாண்டில் அவர்கள் எடுப்பது குறும்படம். அதில் ஓர் அணியாவது இதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம், மாலை ஆறு முதல் பத்து வரை, நான்கைந்து சேனல்கள், ஒரு கோடு போட்ட நோட்டு. பேசும் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: பெயர், வயது, நிறம், தொழில், எந்த வட்டாரப் பேச்சு, எந்தச் சாமி கும்பிடுகிறது, தனக்கென்று வீடு காட்டப்பட்டதா, கூடத்தில் உட்கார்ந்ததா நின்றதா, யாரை 'நீங்க' என்றது, யார் அதை 'நீ' என்றார்கள், வேலை செய்வது காட்டப்பட்டதா, சம்பளம் பற்றி ஒரு தடவையாவது பேசியதா. அடுத்த ஆண்டு அதே வாரம் மறுபடி எண்ண வேண்டும். பத்தாண்டு சேர்ந்தால் அது ஆவணம்.

நோட்டின் கடைசிப் பத்தியை மாணவர் நிரப்பக்கூடாது. அது வீட்டில் அம்மாவும் பாட்டியும் நிரப்ப வேண்டியது. 'சித்தி' காலத்திலிருந்து விடாமல் பார்த்தவர்கள் அவர்கள். எந்தத் தொடரில் எந்த வேலைக்காரி எத்தனை நாள் வந்தாள், எங்கே சொல்லாமல் கொள்ளாமல் காணாமல்போனாள் என்பது அவர்களுக்குத் தெரியும். இதுவரை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.